அம்பு ஒட்டிய கண்ணாடி

என் கண்ணை நான் எப்போதும் நம்பியிருந்தேன். வாயை நம்பியதில்லை. நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது, தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்ளும். பத்தாவது முடித்ததோடு படிப்பும் நின்றுவிட்டது. ஆனால் ஒரகடத்தில் கார்களுக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடமாகக் கடைசிப் பரிசோதனை மேசையில் நிற்கிறேன். பேச வேண்டிய வேலை இல்லை, பார்க்க வேண்டிய வேலை. அதனால்தான் அது எனக்கு ஒத்துவந்தது.

வேலை இதுதான். கறுப்புத் துணி விரித்த மேசை, மேலே வரிசையாக டியூப் லைட். கண்ணாடியை எடுத்து நேராக ஒரு முறை, வலப்பக்கம் சாய்த்து ஒரு முறை, இடப்பக்கம் சாய்த்து ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்தி உறை. சந்தேகம் வந்தால் மட்டும் வலது கை உறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்போம். கீறல் கண்ணாடியில் இருக்கிறதா, மேலே ஒட்டிய அழுக்கா என்பது உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியாது. தடவி முடித்ததும் துடைத்துவிட வேண்டும். இது எந்த விதிமுறைத் தாளிலும் கிடையாது. பழைய ஆட்கள் எல்லோருக்கும் உள்ள கைப்பழக்கம்.

வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் கண்ணாடிகளும் எங்கள் மேசைக்குத்தான் வரும். அவற்றில் குறை உள்ள இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அம்பு காட்டும் இடத்தில் என்ன குறை என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

எனக்குப் பக்கத்து மேசையில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதிருக்கும். சேரப்பணஞ்சேரியில் ஒரு மாடி அறையில் இன்னும் மூன்று பெண்களோடு தங்கியிருந்தாள். ஒப்பந்த வேலை, ஐந்தாவது வருடம். அந்த வருடம் நிரந்தரம் ஆகப்போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருப்பதாகப் பேச்சு. அவள் கைக்குப் பருத்தி உறை ஒத்துக்கொள்ளாது. வியர்த்து, அரித்து, விரல் நுனியெல்லாம் தோல் உரியும். அடிக்கடி கழற்றிக் கையை உதறிக்கொள்வாள். காலையில் வருகைப்பதிவு இயந்திரம் அவள் கட்டைவிரலை ஏற்காது. "மறுபடி வைக்கவும்" என்று அது ஐந்தாறு தடவை சொல்லும். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

"எக்கா, இந்த மிசினுக்கு என்னயக் கண்டா ஆகாது. எங்க மாமியாரு செஞ்சு அனுப்புன மிசினு போல" என்பாள்.

கடைசியில் அவளுக்கு இடது கை மோதிர விரலைப் பதிந்து கொடுத்தார்கள். இதை நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வண்டியில் ஏற்றுவதற்கு முன் மறுபரிசோதனைக்காக ஒரு பெட்டியைத் திறந்தேன். முதல் கண்ணாடியில் கீழ் ஓரத்தில் ஒரு கீறல். இரண்டாவதிலும் அதே இடத்தில். மூன்றாவதிலும். பெட்டி முழுக்க முப்பது கண்ணாடி, முப்பதிலும். பதறிவிட்டேன். ஒன்றிரண்டை உறுதி செய்துகொண்டு சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு கண்ணாடியின் ஓரத்தில் நிறுத்தினார். தெளிவாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"பாத்தீங்களா? வேணும்னே கீறியிருக்கா. கிளவுஸ் போடாத கை" என்றார்.

"கீறியிருக்கா" என்றார். "கீறியிருக்காங்க" என்று சொல்லவில்லை. யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. முந்தின வாரம்தான் தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டு, அவர் தராமல், அவள் லைனிலேயே நின்று சத்தம் போட்டிருந்தாள். "மனுசியாப் பாக்கியளா, மிசினாப் பாக்கியளா?" என்று கேட்டிருந்தாள்.

விஷயம் மேலே போனது. வேண்டுமென்றே சேதம் செய்தது என்றால் வேலை நீக்கம். அதோடு முடியாது. ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எந்த கேட்டிலும் அப்புறம் அவளுக்குப் பாஸ் கிடைக்காது. அவள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் பிள்ளை படிக்கிறது.

கம்பெனி வெளியிலிருந்து ஒரு ரேகை நிபுணரை அழைத்து வந்தது. ஓய்வு பெற்ற, மரியாதையான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவைத்திருந்தார். எங்கள் பிரிவில் பதினான்கு பேர். மையைக் கண்ணாடித் தட்டில் உருட்டி, ஒவ்வொருவர் விரலையும் தானே பிடித்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்ல உருட்டிப் பதிவு எடுத்தார். நான்தான் முதல். பிறகு அவருக்கு டீ எடுத்துப் போகச் சொன்னார்கள். சர்க்கரை இல்லாத டீ.

"எத்தன வருஷமாம்மா இருக்கீங்க?"

"பதினெட்டு வருஷம் சார்."

"அப்ப உங்களுக்குத் தெரியாம இங்க ஒண்ணும் நடக்காது. உங்க மனசுக்கு யாருன்னு படுது?"

படித்த மனிதர் ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் முறை. தொண்டை அடைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். மளமளவென்று வந்தது.

"பக்கத்து டேபிள் பொண்ணு சார். கிளவுஸ் போடவே மாட்டா, கழட்டிக் கழட்டி வெச்சிடுவா. போன வாரம் லீவுக்குச் சண்ட. ரெண்டு நாளா மூஞ்சே சரியில்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே டீயைக் குடித்தார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. கூட்ட அறையில் இரண்டு பெரிய படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். இடதில் கண்ணாடியில் கிடைத்த ரேகை. வலதில் அவளுடைய வலது கட்டைவிரல். பத்து இடங்களிலிருந்து சிவப்புக் கோடு இழுத்து எண் போட்டிருந்தது. இங்கே ஒரு வரி இரண்டாகப் பிரிகிறது, அங்கேயும் பிரிகிறது. இங்கே முடிகிறது, அங்கேயும் முடிகிறது. நிபுணர் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவளுடைய பதிவு பல இடங்களில் மங்கலாக இருந்தது. "தோல் உரிஞ்சிருக்கு, அதனால லேசா இருக்கு. ஆனா புள்ளி போதும்" என்றார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா. உங்க கண்ணுக்கு மேலயா?" என்றார் சூப்பர்வைசர்.

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். பத்தும் எனக்குத் தெரிந்தது. பட்டப்பகல் போலத் தெரிந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன்.

அவளைக் காவலாளி வெளியே அழைத்துப் போகும்போது என் மேசைக்கு அருகில் நின்றாள்.

"எக்கா, அது என் வெரலு இல்லக்கா. நான் அந்தப் பெட்டியத் தொடவே இல்ல. நீங்களாவது ஒழுங்காப் பாத்தியளா?"

"பாத்தேம்மா. உன்னுதுதான்."

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசிவிட்டது போல என்னையே பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். என்னைச் சாட்சியாக வரச் சொன்னார்கள். எனக்கு மனதில் ஒரு குறையும் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தானே சொல்லப்போகிறேன் என்று இருந்தேன்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை ஷிப்டில் என் மேசைமேல் ஒரு தட்டு இருந்தது. எட்டுக் கண்ணாடி, எட்டிலும் சிவப்பு அம்பு. திரும்பி வந்த சரக்கு என்று எடுத்துவைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். முதலாவது, மயிரிழைக் கீறல். இரண்டாவது, பூச்சில் ஊசிமுனைப் புள்ளி. மூன்றாவது, மயிரிழைக் கீறல். இப்படி ஆறில் குறை எழுதினேன். இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. கண் சோர்ந்துவிட்டது போல என்று நினைத்து, கண்ணைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்தேன்.

பேக்கிங்கில் இருக்கும் ஆள் எதிரில் வந்தார். குன்றத்தூர்க்காரர், எப்போதும் யாரையாவது கலாய்த்துக்கொண்டே இருப்பார்.

"யக்கோவ், இன்னா எழுதிக்கினு கீற? அத்த இங்க குடு."

"ரிட்டன் மாலு. எழுதி முடிக்கல இன்னும்."

"ரிட்டனா? யாரு சொன்னா? புதுசா சேந்தவங்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டக் கத்துக் குடுத்தாங்கோ. நல்ல பீஸ்ல சும்மா எங்கயோ ஒட்டி வெச்சிருக்கு. உன் டேபிள்ல வெச்சிட்டுப் பூட்டாங்கோ. இன்னாக்கா, அதுலயும் கீறல் கண்டுபுடிச்சிட்டியா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஆறு கண்ணாடியிலும் அம்பை உரித்தேன். பசையைத் துடைத்தேன். நேராக, வலமாக, இடமாகச் சாய்த்துப் பார்த்தேன். உறையைக் கழற்றித் தடவினேன். கீறல் இல்லை. புள்ளி இல்லை. முகம் மட்டும்தான் தெரிந்தது. சற்று முன்பு நான் அந்தக் கீறலைப் பார்த்தேன். பொய்யாக எழுதவில்லை. கீறலின் நீளம்கூட எழுதியிருந்தேன். இல்லாத ஒன்றுக்கு நீளம் எழுதியிருக்கிறேன்.

கேன்டீனில் போய் உட்கார்ந்தேன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருந்தது, கை போகவில்லை. சிவப்பு அம்பு. சிவப்புக் கோடு. கூட்ட அறையில் நான் ரேகையைப் பார்த்தேனா, கோட்டைப் பார்த்தேனா?

பிறகு அதைவிடப் பெரிய அடி விழுந்தது. கோடு போட்டவர் நிபுணர். அவருக்கு அம்பு ஒட்டிக் கொடுத்தது யார்? நான்தான். சர்க்கரை இல்லாத டீயோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சாயங்காலம் கடைக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். வாலாஜாபாத் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்டயே நீ நாலு வார்த்த பேச மாட்ட. அந்தாளாண்ட போயி இம்மாம் பேசினியா?"

"கேட்டாரு, சொல்லிட்டேன்."

"இப்ப இன்னா பண்ணப் போற?"

"தெரில."

"வண்டிக்காரன் வந்து பின் டயரு பஞ்சருன்னு சொன்னா நான் பின் டயரத்தான் கழட்டுவேன். முன்னாடி ஆணி கீதான்னு பாக்கவா போறேன்" என்றார் அவர். டியூபிலிருந்து குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து அமுக்கிக்கொண்டார். "போ. போய்ச் சொல்லிடு. அந்தப் பொண்ணு பாவம்."

விசாரணை கேன்டீனுக்கு மேல் இருக்கும் அறையில் நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வழக்கறிஞர் அம்மா விசாரணை அதிகாரியாக வந்திருந்தார். ஒரு பக்கம் சூப்பர்வைசர், நிபுணர், மேலாளர். எதிரில் அவள் மட்டும். இளைத்திருந்தாள். மடியில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி மறைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையெழுத்து உங்களோடதாம்மா?"

"ஆமாங்கம்மா."

"ரெண்டு ரேகையும் ஒண்ணுதான்னு பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

தொண்டை அடைத்தது. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினேன். ஆறு கண்ணாடிக்கு ஆறு குறை எழுதிய என் தாள். அவர் வாங்கிப் படித்தார்.

"இது என்ன?"

"நான் எழுதுனதுங்கம்மா. ஆறு குற. ஒண்ணுமே இல்ல அதுல. எல்லாம் நல்ல பீஸு. அம்பு இருந்திச்சு, அதனால கீறல் தெரிஞ்சிச்சு. அந்தப் படத்துலயும் கோடு இருந்திச்சு. நான் பாத்தது ரேகையா கோடான்னு இப்ப எனக்குச் சொல்லத் தெரிலம்மா."

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பதினெட்டு வருடப் பரிசோதகி தன் கண் சரியில்லை என்று தானே எழுதிக் கொடுத்தால் அவள் வேலை என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அம்மா, கண்ணாடி பாக்குறது வேற, ரேகை பாக்குறது வேற" என்றார் நிபுணர், கோபப்படாமல். "முப்பது வருஷமா இதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"நானும் பதினெட்டு வருஷமாப் பாக்குறேன் சார்" என்றேன். அதற்குமேல் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "நீங்க பாக்குறதுக்கு முந்தியே நான் உங்களாண்ட இவ பேரச் சொல்லிட்டேன் சார். டீ குடுக்கறப்ப."

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அது அவளுக்கு அதுவரை தெரியாது.

வழக்கறிஞர் அம்மா நிபுணர் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா?"

"பேச்சுவாக்குல ஏதோ சொன்னாங்க. அதுக்கும் என் வேலைக்கும் சம்பந்தம் இல்ல."

"பதினாலு பேரோட ரேகையும் ஒப்பிட்டுப் பாத்தீங்க இல்லையா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவங்களோடத மொதல்ல எடுத்தேன். பொருந்திச்சு. பொருந்தின பிறகு மத்ததப் பாக்க வேண்டிய அவசியம் என்ன?"

மறைத்துச் சொல்லவில்லை அவர். அதுதான் என்னை உலுக்கியது. அவர் கெட்டவர் இல்லை, காசு வாங்கவில்லை, பொய் சொல்லவில்லை. நான் கீறலைப் பார்த்தது போலவே அவரும் பார்த்திருக்கிறார். அவருக்கும் பட்டப்பகல் போலத் தெரிந்திருக்கிறது.

"இவங்க கட்டைவிரல அட்டெண்டன்ஸ் மெஷினே எடுக்காதும்மா" என்று என் வாய் தானாகச் சொன்னது. "தெனம் நாங்க எல்லாரும் பாத்தோம், அப்பறம்தான் வேற வெரலப் பதிஞ்சாங்க. அந்தக் கண்ணாடில ரேக அவ்ளோ தெளிவா இருந்திச்சு."

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவரும் தினம் பார்த்தவர்தான்.

வழக்கறிஞர் அம்மா பதினான்கு பதிவுகளையும் வாங்கிக்கொண்டார். பெயரை மறைத்து எண் மட்டும் போட்டு, எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திருச்சியில் இருக்கும் வேறு ஒரு நிபுணருக்கு அனுப்பினார். என்ன நடந்தது, யார் மேல் சந்தேகம் என்று ஒரு வரி எழுதவில்லை. படத்தில் கோடும் இல்லை.

மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அவள் மேசை காலியாக இருந்தது. அவளுடைய உறைகள் மேசைக்கடியில் மடித்தபடி கிடந்தன. நான் அவளுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மறுபடி அதே அறை. வழக்கறிஞர் அம்மா திருச்சியிலிருந்து வந்த கடித உறையைப் பிரித்தார். அவளுடைய ரேகை கண்ணாடியில் இருப்பதோடு பொருந்தவில்லை என்று எழுதியிருந்தது. மையச் சுழி இரண்டிலும் ஒரே சாயல், ஆனால் வேறு ஆள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் ஏதோ முனகியது.

"ஏழாம் எண் பொருந்துதுன்னு எழுதியிருக்கார்" என்று வழக்கறிஞர் அம்மா தன் பட்டியலை எடுத்தார். விரலால் வரிசையாகக் கீழே வந்து நிறுத்தினார். மறுபடி மேலிருந்து வந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது உங்க பேர்மா."

"நானா?" என்றேனா, நினைத்தேனா தெரியவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தேன். அது என்னுடையது போலவே இல்லை.

அப்புறம்தான் நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை. பெட்டியைத் திறந்தேன். ஒன்றிரண்டை உறுதி செய்தேன். எப்படி உறுதி செய்தேன்? வலது உறையைக் கழற்றி, கட்டைவிரலால் தடவி. பெட்டி முழுக்கக் கீறல் என்ற பதற்றத்தில் துடைக்காமல் விட்டிருக்கிறேன். என் விரலை முதல் ஆளாக அந்த நிபுணர் தன் கையால் பிடித்து உருட்டினார். கூட்ட அறையில் என் ரேகையை என் முகத்துக்கு நேரே பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். நான் கிட்டப் போய், ஒவ்வொரு கோடாகப் பார்த்து, இது அவளுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப நீங்கதான் கீறினீங்களா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். தடவிப் பாத்தேன். கீறல் ஏற்கெனவே இருந்திச்சு." அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னேன். "முப்பதுலயும் ஒரே எடம் சார். கையால கீறுனா எடம் மாறும். ஒரே எடத்துல வந்தா மெசினப் பாருன்னு மொத நாளே சொல்லிக் குடுத்தீங்களே. யாருமே பாக்கலயே. நானும் பாக்கலயே."

அன்று மாலைக்குள் பார்த்துவிட்டார்கள். பரிசோதனை முடிந்த கண்ணாடிகளைப் பேக்கிங்குக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டிகளில் ஒன்றை அந்தப் பெட்டியோடு சேர்த்து அன்றே ஓரமாகப் பூட்டிவைத்திருந்தார்கள். அதில் ஒரு பிடிப்பின் ரப்பர் தொப்பி கழன்று, உள்ளே இருந்த திருகு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில் செருகிய ஒவ்வொரு கண்ணாடியையும் அது ஒரே இடத்தில் உரசியிருக்கிறது. சண்டை நடந்திருக்காவிட்டால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருப்போம். குற்றவாளி என்று யாருமே இல்லை. இல்லாத கீறலுக்கு நான் நீளம் எழுதியது போல, இல்லாத குற்றத்துக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு ஆளைக் கண்டுபிடித்திருந்தோம்.

அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நிரந்தரப் பட்டியல் அதற்குள் போய்விட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், உறை இல்லாமல் தொட்டதற்கு. வாங்கிக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்த காலை, இயந்திரத்தில் மோதிர விரலை வைத்தாள். பின்னால் யாரும் சிரிக்கவில்லை. நான் மேசையில் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"என்ன மன்னிச்சுரும்மா" என்றதோடு மனப்பாடம் செய்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

அவள் உறையை மாட்டிக்கொண்டே, "பரவால்ல மேடம்" என்றாள்.

ஐந்து வருடமாக எக்கா என்று கூப்பிட்டவள். அந்த ஒரு சொல் என் நெஞ்சில் இறங்கியது. அவள் முகத்தில் வெறுப்பு எதுவும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். இப்போதும் மேடம்தான்.

மதியத்துக்கு மேல் திரும்பி வந்த சரக்கு வந்தது. அவள் பக்கம்தான் தட்டு இருந்தது. ஒரு கண்ணாடியில் அவளுக்குச் சந்தேகம். இன்னொரு கண் பார்த்தால் நல்லது என்று என்னிடம் நீட்ட வந்தவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். நகத்தால் சிவப்பு அம்பை ஓரத்திலிருந்து கிளப்பி, முழுக்க உரித்தெடுத்துத் தன் மேசை விளிம்பில் ஒட்டிவைத்தாள். பசை இருந்த இடத்தைத் துடைத்தாள்.

"இப்பப் பாருங்க மேடம்" என்று நீட்டினாள்.

வாங்கினேன். நேராகப் பார்த்தேன். வலமாக. இடமாக. எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.